ஏழாம் பாட்டில்

பாம்பன்
3 ஜூன் 2025

சேசு மரி சூசை துணை

அன்பு மருமகள் டாக்டர் பிரெசில்லாவுக்குத் தாய்மாமன் சந்தியாகு எழுதிக்கொள்வது. இங்கன எல்லாரும் சுகம். உன் சுகம் தெரியல. தெரியாததுக்குக் காரணம் நீ என் நம்பரை பிளாக் பண்ணி வச்சிருக்கது. போனை மூடலாம், போஸ்ட் ஆபீஸை மூட முடியுமா? அதான் கடுதாசி.

அந்த யூட்டியூப் சமாச்சாரத்துல என் தப்பு எவ்வளவுன்னு நீயே சொல்லு. அந்தப் பய மைக்கை என் மூக்குக்கு நேர நீட்டி, உங்க மருமக பெங்களூர்ல என்ன ஆராய்ச்சி பண்றாங்கன்னு கேட்டான். நீ சொன்னதைத்தான் சொன்னேன். ஈஸ்ட்டுக்குள்ள சர்க்கரை போற கதவைப் பத்தி ஆராய்ச்சின்னேன். அவன் மூஞ்சி வாடிப்போச்சு. பாவமா இருந்துச்சு. அதனால, அந்தக் கதவு வழியா சர்க்கரை வியாதியவே வெளிய தள்ளிட்டா என் மருமகன்னு ஒரு வரி சேர்த்தேன். ஒரே ஒரு வரி. அதுக்கு நாப்பது பேரு வேன் பிடிச்சு உன் ஆபீஸ் வாசல்ல வந்து நிப்பாங்கன்னு நான் கனாவா கண்டேன்?

உன் டாக்டர் பட்டத்துக்கு ஆறு வருசத்துக்கு முன்னால ஒன்பது பாட்டில் எடுத்து அனுப்புனது யாரு? வாலிநோக்கம் உப்பளத்துல பாம்பு படம் எடுத்து நிக்க, அதுகிட்ட நின்னு நிதானமா உப்புத்தண்ணி மொண்டு அனுப்புன ஆளை இப்படியா மறக்குறது?

புதுப் பாலத்துல ரயில் ஓடுது. நடுவுல மேல தூக்குறாங்கல்ல, அந்த இடத்துல அடியில பாறை எப்படிக் கிடக்குன்னு இஞ்சினியருக்குச் சொன்னதே நான்தான். மீன்பிடித் தடைக்காலம், போட்டெல்லாம் கரையில கிடக்கு. எனக்கு நேரம் நிறைய.

உங்கம்மா சுகம். முந்திக்கு இப்ப நல்லாச் சிரிக்கிறா. வாசல் கதவை மட்டும் சாத்த மாட்டேங்கா. ரூபஸ் மச்சான் கடைசியா கடலுக்குக் கொண்டுபோன தூக்குவாளி இருக்குல்ல, உங்கப்பன் சோத்து வாளி, போன வாரம் அதைக் கையில தூக்கிப் பாத்துட்டு, “சந்தியா, கனம் குறைஞ்சிருக்குடா” அப்படின்னா. வெயிலுக்குத்தான்னு சொன்னேன்.

வேற ஒண்ணும் இல்ல. பிளாக்கை எடு.

உன் தாய்மாமன்
ம. சந்தியாகு
(எட்டாம் வகுப்பு, அறிவியல்ல மட்டும் முதல் மார்க்)


பெங்களூரு
11 ஜூன் 2025

மாமா,

பிளாக்கை எடுக்க மாட்டேன். எங்க இயக்குநர் என்னைக் கூப்பிட்டு வச்சுக் கேட்ட கேள்விகளை நீங்க கேட்டிருந்தா நீங்களே என்னை பிளாக் பண்ணியிருப்பீங்க. ஆனா எனக்கு உங்ககிட்ட இருந்து ஒரு பதில் வேணும். போன் வேண்டாம். போன்ல பேசுனா நான் உங்களை நம்பிருவேன். எழுதுங்க.

2019 செப்டம்பர்ல நீங்க அனுப்புன ஒன்பது பாட்டில்ல எட்டும் ஒன்பதும் உப்புப் போட்ட குழாய்த் தண்ணி. அது அன்னைக்கே தெரியும், விட்டுட்டேன். ஏழாம் பாட்டில்ல “வாலிநோக்கம், மூணாம் பாத்தி”ன்னு எழுதியிருந்தீங்க. அதுல கிடைச்ச ஈஸ்ட்டை வச்சுத்தான் என் ஆறு வருஷ வேலை.

அது என்னன்னு ஒரு தடவை ஒழுங்காச் சொல்லிடுறேன், அப்புறமாவது யூட்டியூப்ல சரியாச் சொல்லுங்க. ஈஸ்ட் ஒரே ஒரு செல்தான். அதோட தோல்ல சின்னச் சின்னக் கதவுகள் மாதிரிப் புரதங்கள் இருக்கும். சர்க்கரையோ மத்த சத்தோ அது வழியாத்தான் உள்ள போகும். சாப்பாடு தீர்ந்துபோய் ரொம்ப நாளானா, ஈஸ்ட் அந்தக் கதவுகளை உள்ள இழுத்துத் தின்னுட்டு, தன்னைச் சாத்திக்கிட்டுத் தூங்கும். எல்லா ஈஸ்ட்டும் அப்படித்தான். உங்க ஏழாம் பாட்டில் மட்டும் சாத்தலை. எத்தனை நாள் பட்டினி போட்டாலும் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு அப்படியே இருக்கு. சாகவும் இல்லை. காரணமான மரபணுவைக் கண்டுபிடிச்சுக் கட்டுரை எழுதிட்டேன்.

இப்ப அதை அனுப்புன ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரங்க கேக்குறாங்க: இதோட மரபணுவைப் பாத்தா உப்பளத்து ஈஸ்ட் மாதிரி இல்லையே, இது சோத்துல வளர்ற இனமாச்சே, எங்க எடுத்தீங்கன்னு. எடுத்தவர் கையெழுத்தோட ஆகஸ்ட் 15க்குள்ள பதில் வேணும். இந்தக் கட்டுரை வந்தா எனக்குத் தனி ஆய்வகம். வரலைன்னா செப்டம்பரோட வேலை முடியுது. பொய் லேபிளோட வந்து பின்னாடி பிடிபட்டா இந்தத் தொழில்லயே நான் இருக்க முடியாது.

மூணு வரி போதும் மாமா. எங்க, எப்ப, எதுல இருந்து. ஜோடிக்காம.

இன்னொண்ணு. இதைக் கட்டுரையில எழுதலை. குடுவையை ஆட்டாம ஓரிடத்துல வச்சா ஈஸ்ட் அடியில நடுவுல படியணும். இது ஒரு ஓரமாப் படியுது. மேசை சாய்வா இருக்குன்னு நினைச்சுக் குடுவையைத் திருப்பி வச்சேன். மறுநாள் மறுபடியும் அதே பக்கம். வேற அறைக்கு மாத்தினேன். அங்கயும் ஒரு ஓரம்தான், ஆனா திசை வேற. ரெண்டு அறையிலயும் அது கதவு இருக்கிற பக்கம்.

பிரெசில்லா


பாம்பன்
19 ஜூன் 2025

சேசு மரி சூசை துணை

அன்பு மருமகளுக்கு,

மூணு வரி கேட்ட, முந்நூறு வரி தாரேன், மாமன் கையில கஞ்சத்தனம் கிடையாது.

2019 செப்டம்பர் மாசம், வெயில் மண்டையைப் பிளக்குது. வாலிநோக்கம் உப்பளத்துல மூணாம் பாத்தி. கங்காணி ராக்கப்பன் வரப்புல நிக்கான். நான் பாட்டிலோட குனியிறேன். ஏலே சந்தியாகு, குனியாதன்னு ஒரு குரல். திரும்புனா ஒரு ஆளு கிடையாது. பாத்தி நடுவுல ஒரு வெள்ளைப் பாம்பு, உப்பே உருண்டு பாம்பான மாதிரி. நான் அசரல. அந்த நேரம் உப்பு வாருற பொம்பளை ஒருத்தி பயத்துல தன் சோத்துச் சட்டியைப் பாத்திக்குள்ள போட்டுட்டு ஓடிட்டா. சோறு பூரா உப்புத்தண்ணியில. அந்தத் தண்ணியத்தான் நான் மொண்டேன். இப்பப் புரியுதா, சோத்து ஈஸ்ட் உப்பளத்துக்கு எப்படி வந்துச்சுன்னு? உன் பத்திரிகைக்காரனுக்கு இதை இங்கிலீஷ்ல போடு, ஆடிப்போயிருவான். ராக்கப்பன் சாட்சி. கீழ கையெழுத்து, பெருவிரல் ரேகை ரெண்டும் வச்சிருக்கேன்.

தடைக்காலம் முடிஞ்சு போட்டு போயிட்டு வந்துருச்சு. இறால் நல்லாப் பட்டுச்சு. என் போட்டு வர்றதைப் பாத்துட்டு மத்த போட்டெல்லாம் வழி விட்டுச்சுன்னா பாத்துக்கோ. உன் அத்தை மட்டும்தான் நம்பல.

ம. சந்தியாகு

பின்குறிப்பு: அந்த ஏழாம் பாட்டில்ல மிச்சம் ஏதும் வச்சிருக்கியா? இருந்தா ஊத்திரு. நல்லாக் கொதிக்க வச்சு ஊத்திரு. ஏன்னு கேக்காத.


பெங்களூரு
27 ஜூன் 2025

மாமா,

ராக்கப்பனுக்குப் போன் போட்டேன். “உங்க மாமா வந்தாரும்மா, ஆறு பாட்டில் மொண்டாரு, எங்க சோத்துலயே பாதிய வாங்கித் தின்னாரு, பஸ்ஸைப் பிடிச்சுப் போயிட்டாரு. பாம்பா? அன்னைக்கு அங்கன ஒரு பல்லி கூட இல்ல” அப்படின்னார். சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரலை.

உங்க கதை இல்லை மாமா, உங்க பின்குறிப்புதான் என்னைத் தூங்க விடலை. நீங்க பயந்து நான் பாத்ததே இல்லை. புயல்ல போட்டு கவிழ்ந்து ரெண்டு நாள் கழிச்சுக் கரைக்கு வந்தப்போ கூட, திமிங்கிலம் முதுகுல வந்தேன்னு சொன்ன ஆள் நீங்க.

இங்க என்ன நடக்குதுன்னு சொல்றேன். பட்டினிக் குடுவையில வெறும் தண்ணியும் நான் அளந்து போட்ட உப்புகளும்தான் இருக்கு. சர்க்கரை இல்லை, ஒரு சத்தும் இல்லை. போன செவ்வாய்க்கிழமை அதைத் திறந்தேன். பக்கத்து மேசையில வேலை பாக்குற அம்ரீன் தலையைத் தூக்கி, “யாருப்பா கருவாடும் கஞ்சியும் கொண்டாந்தது?”ன்னு கேட்டா. எனக்கும் அடிச்சது. புளிச்ச கஞ்சி, சின்ன வெங்காயம், சுட்ட கருவாடு. அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டுக் கரையில நடந்தா அப்பா சட்டையில இருந்து வர்ற வாசனை. மூடியைப் போட்டேன், போயிருச்சு.

எடை போட்டுப் பாத்தேன். பட்டினி கிடக்கிற ஈஸ்ட் மெலியணும். இது கூடியிருக்கு.

எதைத் தின்னு கூடுச்சு மாமா? எங்க எடுத்தீங்க?

பிரெசில்லா


பாம்பன்
6 ஜூலை 2025

அன்பு மருமகளுக்கு,

தனுஷ்கோடியில இடிஞ்ச கோயிலுக்குப் பின்னால ஒரு கிணறு இருக்கு. அதுக்குள்ள நான் இறங்குனப்போ

இது பொய். அடிச்சிட்டேன். புதுத் தாள் எடுக்காம இதுலயே எழுதுறேன், நான் ஒளிக்கலன்னு நீ பாத்துக்கிடணும்.

அந்தப் பாட்டில் வாலிநோக்கத்துல எடுத்தது இல்ல. உங்கப்பன் தூக்குவாளியில எடுத்தது.

உனக்குத் தெரிஞ்சதுதான், ஆனாலும் முதல்ல இருந்து சொல்லுறேன். 2011 நவம்பர்ல ரூபஸ் மச்சான் தனியா நண்டு வலைக்குப் போனாரு. ரெண்டாம் நாள் குருசடைத் தீவுப் பக்கம் வள்ளம் மட்டும் கிடந்துச்சு. பலகைக்கு அடியில சோத்து வாளி, மூடி திறக்காம. ஆளைக் காணோம். நம்ம தெருவுல ஒரு வழக்கம் இருக்கு. கடல்ல போனவரு உடம்பு கரை சேராட்டி, அவரு கொண்டுபோன சோத்தைக் கொட்டக் கூடாது. கொட்டுனா, இனி உனக்கு இங்கன சோறு இல்லன்னு நாமளே சொன்ன மாதிரி. உடம்பு கிடைச்சு அடக்கம் பண்ணணும், இல்ல சட்டையைப் பெட்டியில வச்சுக் கோயில்ல பூசை வச்சு அடக்கம் பண்ணணும். அப்புறம்தான் கொட்டலாம். அக்கா ரெண்டுக்கும் ஒத்துக்கிடல. மச்சான் வலைக்கயிறு போட்டு மூடியை முடிஞ்சு வச்ச மாதிரியே அது எட்டு வருசம் அவ வீட்டு அலமாரியில இருந்துச்சு. மச்சான் இடதுகைக்காரரு. அந்த முடிச்சு இடப்பக்கமாத் திரும்பி இருக்கும். ஊர்ல வேற ஒருத்தருக்கும் அது வராது.

2019ல நீ ஒன்பது பாட்டில் கேட்ட. நான் ஆறுதான் எடுத்தேன். கூரியர்க்காரன் மறுநாள் வாரான். எட்டையும் ஒன்பதையும் குழாயில பிடிச்சேன். அப்புறம் ஒரு புத்தி. நம்ம பிள்ளை ஈஸ்ட்டுதானே கேக்குது, எட்டு வருசத்துக் கஞ்சியில இல்லாத ஈஸ்ட்டா உப்பளத்துல இருக்கப் போகுதுன்னு நினைச்சேன். நான் எவ்வளவு பெரிய விஞ்ஞானின்னு எனக்கே பெருமை. ஞாயித்துக்கிழமை, அக்கா காலப் பூசைக்குப் போயிருந்தா. அலமாரியத் திறந்து முடிச்சை அவுத்தேன்.

மூடி தூக்கினதும் உள்ள இருந்து மூச்சு மாதிரி ஒண்ணு வெளிய வந்துச்சு. காத்துதான், கேஸ்தான், நீ சொல்லுவ. ஆனா அது முடியல பிள்ள. நான் வலைக்கயிறைக் கீழ வச்சு, திரும்ப எடுக்குற வரைக்கும் வந்துக்கிட்டே இருந்துச்சு. உள்ள பூசணம் இல்ல, புழு இல்ல. நேத்து வடிச்ச சோறு மாதிரி மல்லிப்பூவா நிக்குது. வெங்காயம் வெள்ளையா இருக்கு. எட்டு வருசம்.

ஒரு கரண்டி பாட்டில்ல ஊத்திட்டு முடிஞ்சேன். என் கைக்கு வலப்பக்க முடிச்சுதான் வரும். பத்துத் தடவை முடிஞ்சு பாத்தேன், வரல. அப்படியே வச்சிட்டு வந்துட்டேன்.

சாயங்காலம் அக்கா என் வீட்டுக்கு ஓடியாரா. சிரிச்சுக்கிட்டே வாரா. எட்டு வருசத்துல நான் பாக்காத சிரிப்பு. “சந்தியா, அவரு வந்து சாப்பிட்டிருக்காரு. முடிச்சு மாறிக் கிடக்குடா.” நான் என்ன சொல்லட்டும்? எனக்குப் பொய் சொல்லத்தான் வரும்னு ஊரே சொல்லும். அன்னைக்கு நான் ஒரு வார்த்தையும் சொல்லல. அதான் நான் சொன்ன பொய்யிலயே பெருசு.

அன்னையில இருந்து அவ அதுல புதுக் கஞ்சி ஊத்தி வைக்கா. ஆறு வருசமா. முதல் தடவை திறந்தது நான். அதுக்கு அப்புறம் நான் தொடல. மாதா மேல ஆணை. ஆனா வாளி காலியாகுது பிள்ள. சில நாள் குறையாது. சில நாள் குறையும். குறையிற நாள்ல கோயில் காலண்டர்ல பென்சில்ல ஒரு சிலுவை போட்டு வைப்பா. இந்த வருசக் காலண்டர்ல ஆறு மாசத் தாளைக் கிழிச்சு இதோட வச்சிருக்கேன்.

நான் இதுல கையெழுத்துப் போட்டு, அது பத்திரிகையில வந்து, அந்த யூட்டியூப்காரன் மறுபடியும் வாசல்ல வந்து நின்னா அக்காவுக்குத் தெரிஞ்சுபோகும், மச்சான் வரல, நான்தான் திறந்தேன்னு. உன் வேலை போகும்னு சொல்லுற. இங்கன இவ சிரிப்பு போகும். எதைன்னு நீயே சொல்லு.

சந்தியாகு


பெங்களூரு
14 ஜூலை 2025

மாமா,

2019 செப்டம்பர்ல நான் அம்மாவைப் பெங்களூருக்குக் கூட்டிட்டு வர வந்தேன். பெட்டி கட்டி, மீன்தொட்டியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து, எல்லாம் ஆச்சு. வண்டியில ஏறுற நேரம், “உங்கப்பா வர ஆரம்பிச்சிட்டாரு, வீட்டைப் பூட்டிட்டு நான் எப்படிடி வர்றது”ன்னு அம்மா பெட்டியைப் பிரிச்சாங்க. நான் கத்தினேன். பைத்தியம்னு சொன்னேன். என் அம்மாவை, மாமா. அதுக்கப்புறம் ஆறு வருஷம் நாங்க ரெண்டு பேரும் சரியாப் பேசிக்கிட்டதில்லை. நீங்க பக்கத்துல நின்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தீங்க. தங்கமான தம்பி, அக்காவுக்காக அழுறாருன்னு நினைச்சேன்.

இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழிச்சேன். அஞ்சாவதா எழுதுறேன்.

உங்க மேல உள்ள கோபத்துலதான் அந்தக் காலண்டர் தாளை என் ஆய்வுக் குறிப்பேட்டுக்குப் பக்கத்துல வச்சேன். நான் ஈஸ்ட்டைப் பட்டினி போடுற நாட்கள் என் குறிப்பேட்டுல மட்டும்தான் இருக்கு. அம்ரீனுக்குக் கூடத் தெரியாது. ஜனவரியில இருந்து ஜூன் வரைக்கும் பதினொரு தடவை போட்டிருக்கேன். அம்மா பதினொரு சிலுவை போட்டிருக்காங்க. அதே நாட்கள். நான் சர்க்கரை ஊத்தின நாள் எதுலயும் சிலுவை இல்லை.

இங்க சாப்பாட்டை நிறுத்தினா அங்க வாளி குறையுது.

என் தொழில்ல இதை இப்படியே நம்பிட முடியாது. அம்மாவுக்குத் தோணியிருக்கலாம், உங்களுக்கு ஜோடிக்கிற பழக்கம். அதனால நீங்க பொய் சொல்லவே முடியாத மாதிரி ஒண்ணு செய்யப் போறோம். அம்மாகிட்ட ஏதாவது சொல்லி வாளியை வாங்கிட்டு வாங்க. நிறையக் கஞ்சி ஊத்தி, உங்க கையாலயே முடிஞ்சு, உங்க ஐஸ் பெட்டியில வச்சுப் பூட்டுங்க. சாவி உங்க இடுப்புல இருக்கட்டும். ஜூலை 21ல இருந்து ஆகஸ்ட் 2 வரைக்கும் தினமும் காலையில நண்டு நிறுக்கிற தராசுல எடை போட்டு, அன்னைக்கே ஒரு போஸ்ட் கார்டுல எழுதித் தபால்ல போடுங்க. தபால் முத்திரையில தேதி இருக்கும். நான் எந்த நாள் பட்டினி போடுறேன்னு உங்களுக்குச் சொல்ல மாட்டேன். தெரியாததை உங்களால ஜோடிக்க முடியாது.

அது முடிஞ்சதும், என்ன வந்தாலும் சரி, பத்திரிகைக்கு உண்மையைத்தான் எழுதப் போறேன். அதுக்கு முன்னாடி அம்மாகிட்ட நீங்க சொல்லணும். யூட்டியூப்காரன் சொல்லக் கூடாது, நானும் சொல்லக் கூடாது. நீங்க.

பிரெசில்லா


(தபால் அட்டைகள், பாம்பன் முத்திரை)

ஜூலை 21. 2 கிலோ 350. வாளியில ஓட்டை இருக்கு, ஈயம் பத்த வைக்கணும்னு சொல்லி வாங்கிட்டு வந்தேன். சொன்ன சொல்லுல அக்கா அப்படியே மயங்கிட்டா. பூட்டு அலிகார் பூட்டு, யானை மிதிச்சாலும் திறக்காது. தராசு என் தராசு, பாம்பன்லயே சரியான தராசு.

ஜூலை 22. 2.350. தபால் ஆபீஸ் மகேஸ்வரி கார்டை வாசிச்சிட்டா. “என்ன மாமா, தினம் எடை எழுதுறீக, பெங்களூர்ல பேரப்பிள்ளையா?”ங்கா. ஆமான்னு சொல்லிட்டேன். ஆம்பளைப் பிள்ளைன்னும் சொல்லிட்டேன்.

ஜூலை 23. 2.350. குறையல. பாத்தியா, எல்லாம் அக்கா மனசுதான்.

ஜூலை 24. 2.290.

ஜூலை 25. 2.210. முடிச்சு நான் போட்டது இல்ல. இடப்பக்கம் திரும்பியிருக்கு. பூட்டு பூட்டுனபடி இருக்கு. சாவி என்கிட்ட இருக்கு.

ஜூலை 26. 2.210. அவுத்து என் முடிச்சாப் போட்டேன். மகேஸ்வரி, “என்ன மாமா பிள்ளை மெலியுது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்க”ங்கா.

ஜூலை 29. 2.210. இடையில ரெண்டு நாள் கார்டு எழுதல. எடையில மாத்தம் இல்ல. உள்ள போய்த் திறக்கக் கை வரல. அதான்.

ஜூலை 30. 2.120. இடப்பக்க முடிச்சு.

ஆகஸ்ட் 2. 2.120. மூணு நாளாக் குறையல. ஆனா இன்னைக்கு ஐஸ் பெட்டிக்குள்ள மூடியில ஈரக் கைத்தடம். துடைச்சிட்டேன். ஜோடிக்கல.


பெங்களூரு
5 ஆகஸ்ட் 2025

மாமா,

கார்டு எல்லாம் வந்து சேர்ந்துச்சு. நான் பட்டினி போட்ட நாட்கள் ஜூலை 23, 24, 29. மறுநாள் காலையில உங்க தராசு என்ன சொல்லியிருக்குன்னு நீங்களே பாத்துக்கோங்க. இங்க குடுவையில கூடின எடையை உங்க கிராமோட ஒப்பிட்டுப் பாத்தேன். அதை எழுத மாட்டேன். எழுதினா நான் படிச்ச படிப்பு எல்லாத்தையும் மறுபடியும் முதல்ல இருந்து படிக்கணும்.

பத்திரிகைக்கு எழுதிட்டேன். “இந்த ஈஸ்ட் உப்பளத்தில் எடுத்தது அல்ல. பாம்பன் மீனவர் ரூபஸ் 2011இல் கடலுக்குக் கொண்டுசென்ற சோற்றுக் கலத்திலிருந்து 2019இல் எடுக்கப்பட்டது. லேபிள் தவறு.” உங்க கையெழுத்து வந்ததும் அனுப்பிருவேன். கட்டுரையைத் திருப்பி அனுப்பலாம். அனுப்பட்டும். அப்பா பேரை உப்பளம்னு எழுத எனக்கு மனசு வரலை.

இன்னும் ஒண்ணு செஞ்சேன். நேத்தோட நாலு நாளா ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு கொடுத்தேன், ஆனா உப்பு போடலை. ஒரு துளி கூட. வேற ஏதாவது நடக்குதான்னு பாக்க. இதைக் குறிப்பேட்டுல எழுதலை, அம்ரீன்கிட்ட சொல்லலை, உலகத்துல என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒண்ணும் நடக்கலை. உங்க கடைசிக் கார்டுலயும் எடை குறையலை. ஈஸ்ட் மட்டும் முழுசா அறைக் கதவுப் பக்கம் போய்க் குடுவைச் சுவர்ல ஏறி நிக்குது.

மாமா, எனக்குப் பயமா இருக்கு. நீங்க முதல்ல சொன்னதுதான் சரி. வர்ற வெள்ளிக்கிழமை மத்தியானம், எல்லாக் குடுவையையும், உறைய வச்சிருக்கிற குப்பிகளையும் சேர்த்து ஆவியில அவிச்சுக் கொன்னுடப் போறேன். அதையும் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லலை. அது அப்பா இல்லைன்னு எனக்குத் தெரியும். அது ஒரு செல். ஒரே ஒரு செல். தினமும் இதையே சொல்லிக்கிட்டு இருக்கேன்.

அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?

பிரெசில்லா


பாம்பன்
5 ஆகஸ்ட் 2025

பிரெசில்லா,

சொல்லிட்டேன். இன்னைக்குக் காலையில, பூசை முடிஞ்சு அக்கா வந்ததும். என் கார்டுக்கு உன் பதில் இன்னும் வரல, அதுக்கு நான் காத்திருக்கல. நீ கேட்ட மாதிரி தாள்ல கையெழுத்தும் போட்டு இதுல வச்சிருக்கேன். மூணு வரிதான். ஸ்பீட் போஸ்ட்ல போடுறேன், வியாழக்கிழமை உன் கையில கிடைச்சிரும்.

நான் நினைச்ச மாதிரி அவ அழல. வாளியைக் கொடுத்தேன். கையில வாங்கி முடிச்சைத் தடவிப் பாத்தா. அப்புறம் சொன்னா, “முதல் தடவை நீதான்டா திறந்த. எனக்குத் தெரியும். என் தம்பி முடிச்சு எனக்குத் தெரியாதா? வலப்பக்கம் திருப்பி, மேல ஒரு வெட்டி முடிச்சு வேற.”

நான், “பிறகு ஏன்க்கா அவரு வந்தாருன்னு சிரிச்ச?” அப்படின்னேன்.

“நீ திறந்தேல்ல, அதுக்குத்தான். எட்டு வருசம் நான் மூடி வச்சிருந்தேன். மூடி வச்சா அவரு எப்படிடா வருவாரு? திறக்க எனக்குத் தைரியம் இல்ல. நீ திறந்து விட்டுட்ட. அடுத்த வாரமே இடப்பக்க முடிச்சு கிடந்துச்சு. அதை நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. பிள்ளைகிட்ட மட்டும் சொன்னேன், பைத்தியம்னு சொல்லிட்டா.”

எனக்குச் சொல்ல ஒரு கதையும் வரல.

உன் பேப்பர்ல உண்மையப் போடச் சொன்னா. அவரு பேரு வரட்டும்னா. எத்தனை யூட்டியூப்காரன் வந்தாலும் வாசல்ல உக்கார வச்சு டீ கொடுப்பேன்னா. நீ திட்டுனதுக்கு அவளுக்குக் கோவம் இல்லையாம். நீ அவருக்குச் சோறு போடுறதை அவரே சொன்னாராம். சில நாள் மறந்துருவியாம், அந்த நாள்லதான் வீட்டுக்கு வாராராம்.

இதுக்கு மேல எழுதணுமான்னு தெரியல. அவ சொன்னதை அப்படியே எழுதுறேன், ஒரு எழுத்தும் கூட்டல, குறைக்கல.

“அவரு நாலு நாளா உப்பில்லாமச் சாப்பிடுறாரு. ஏன்னு தெரியாமப் பிள்ளையவே பாத்துக்கிட்டு நிக்காரு. உப்பு போடச் சொல்லு. வெள்ளிக்கிழமைக்கு முந்தியே போடச் சொல்லு.”

என்ன வெள்ளிக்கிழமைன்னு கேட்டேன். “அது அவளுக்குத் தெரியும்” அப்படின்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. உனக்குத் தெரியுமா? தெரிஞ்சாலும் எனக்கு எழுதாத.

ஒரு பொட்டலம் கல்லுப்பு கட்டிக் கொடுத்திருக்கா, உனக்கு அனுப்பச் சொல்லி. இந்தக் கவர்லயே இருக்கு. 2019ல ராக்கப்பன் எனக்கு அள்ளிக் கொடுத்த உப்பு, மூணாம் பாத்தி. இது மட்டும் நெசமாவே வாலிநோக்கத்துல எடுத்தது.

சந்தியாகு